வேலைக்குப் போய்க்கொண்டே குரூப் 4 தேர்வுக்குப் படிப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

"இந்த வருஷம் எப்படியாவது கவர்ன்மெண்ட் வேலைக்குப் போயிடணும்" என்று சொல்பவர்கள் நம் ஊரில் தெருவுக்குப் பத்துப் பேர் இருப்பார்கள். அந்த ஆசையில் ஒரு குறையும் இல்லை. ஆனால் "சரி, நாளைக்குக் காலையில் எழுந்து என்ன செய்யப் போகிறாய்?" என்று கேட்டால் பெரும்பாலும் பதில் வராது. ஆசையிலிருந்து அந்தப் பதில் வரைக்கும் போவதற்கான வழியைத்தான் இங்கே எழுதுகிறேன்.

துணிக்கடையிலோ மருந்துக்கடையிலோ தனியார் பள்ளியிலோ வேலை பார்ப்பவர்கள், வீட்டில் கைக்குழந்தையை வைத்துக்கொண்டு படிக்க நினைக்கும் பெண்கள், இவர்களை மனதில் வைத்தே எழுதுகிறேன். அறை எடுத்துத் தங்கி நாள் முழுக்கப் படிப்பவர்களின் அட்டவணையைப் பார்த்து இவர்கள் திட்டம் போடுகிறார்கள். இரண்டாவது வாரமே அது உடைகிறது. உடனே "நமக்கெல்லாம் இது வராது" என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். தப்பு அவர்களிடம் இல்லை, இரவல் வாங்கிய அட்டவணையில் இருக்கிறது.

1. கையில் இருப்பதையும் இல்லாததையும் பிரியுங்கள்

தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் (டிஎன்பிஎஸ்சி) நடத்தும் குரூப் 4 தேர்வுக்கான 2022 அறிவிப்பில் இருந்த இடங்கள் 7,301. 2024இல் 6,244. 2025இல் 3,935. அறிவிப்புக்குப் பிறகு இடங்கள் கூடுவதும் உண்டு. கிடைக்கும் அவகாசமும் ஒரே மாதிரி இருப்பதில்லை. 2024இல் ஜனவரி 30 அன்று அறிவிப்பு வந்தது, ஜூன் 9 அன்று தேர்வு நடந்தது. நான்கு மாதத்துக்கு மேல் நேரம் இருந்தது. 2025இல் ஏப்ரல் 25 அன்று அறிவிப்பு, ஜூலை 12 அன்று தேர்வு. வெறும் 78 நாள்.

இடங்கள் எத்தனை, எத்தனை லட்சம் பேர் எழுதுவார்கள், கேள்வித்தாள் எளிதா கடினமா, உங்கள் இடஒதுக்கீட்டுப் பிரிவுக்குக் கட்-ஆஃப் (வேலை கிடைக்கத் தேவையான குறைந்தபட்ச மதிப்பெண்) எங்கே நிற்கும், இதில் எதுவும் உங்கள் கையில் இல்லை. மதிப்பெண் ஓரளவுக்கு உங்கள் கையில் இருக்கிறது. இன்று இரவு ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து ஓர் இயலைப் படித்து இருபது கேள்விக்கு விடை எழுதுவது முழுக்க உங்கள் கையில்தான் இருக்கிறது.

ஆகவே இலக்கை மூன்று அடுக்காக எழுதிக்கொள்ளுங்கள். மேலே வேலை. நடுவில் மதிப்பெண். அடியில் இந்த வாரம் முடிக்க வேண்டிய படிப்பு. தினமும் பார்க்க வேண்டியது அடி அடுக்கு. நடு அடுக்கை மாதம் ஒருமுறை பார்த்தால் போதும். மேல் அடுக்கைப் பற்றி ராத்திரி படுத்துக்கொண்டு யோசிப்பதால் ஒரு கேள்விக்குக்கூட விடை கூடுதலாகத் தெரியப் போவதில்லை. பயம்தான் கூடும்.

2. எத்தனை முறை எழுதுவது என்பதை முதலிலேயே எழுதி வையுங்கள்

தொடங்கும்போதே முடிவைப் பற்றிப் பேசுகிறேனே என்று வருத்தப்பட வேண்டாம். இதை இப்போது செய்யாவிட்டால் பிறகு செய்ய முடியாது. டிஎன்பிஎஸ்சி தளத்தில் செய்யும் ஒருமுறைப் பதிவுக்கு 150 ரூபாய், அது ஐந்து ஆண்டு செல்லும். குரூப் 4 தேர்வுக் கட்டணம் 100 ரூபாய். பணத்தை மட்டும் பார்த்தால் எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதலாம் போலத்தான் தோன்றும். இதில் செலவாவது வயது. இரண்டு மூன்று கேள்வியில் வாய்ப்பை விட்டவர், "இன்னும் ஒரே ஒரு தடவை" என்று அடுத்த தேர்வுக்குப் போவார். அதற்கடுத்த முறையும் அதையேதான் சொல்வார். இருபத்து மூன்று வயதில் தொடங்கி முப்பது வரை வேறு எந்த வேலையும் கற்றுக்கொள்ளாமல் இருந்துவிட்டவர்களைப் பார்க்கும்போது மனசு கனக்கிறது. அவர்களில் சோம்பேறிகள் யாரும் இல்லை.

என் கருத்து இதுதான். வேலையில் இருந்துகொண்டு படிப்பவர்கள், முழு முயற்சியோடு இரண்டு தேர்வு என்று வரம்பு வைத்துக்கொள்ளலாம். இரண்டாவது தேர்வில் மதிப்பெண் நன்றாக ஏறியிருந்தால் மட்டும் மூன்றாவது. இதை நோட்டின் முதல் பக்கத்தில் தேதி போட்டு எழுதுங்கள்.

இன்னொன்று, கைவசம் இருக்கும் வேலையை விடாதீர்கள். தேர்வு முடிந்து, முடிவு வந்து, சான்றிதழ் சரிபார்ப்பு, கலந்தாய்வு என்று பணி ஆணை கைக்கு வர மாதக்கணக்கில் ஆகும். அத்தனை மாதமும் வீட்டில் அடுப்பு எரிய வேண்டும். கடைசி ஒரு மாதம் சம்பளமில்லா விடுப்பு கிடைத்தால் எடுத்துக்கொள்ளலாம். அது வேறு விஷயம்.

3. படிக்கத் தொடங்கும் முன்பே ஒரு முழுத் தேர்வு எழுதுங்கள்

இதைச் சொன்னால் நிறைய பேர் தயங்குவார்கள். "ஒன்றுமே படிக்கலையே, என்னத்தை எழுதறது?" என்பார்கள். படிக்காதபோது எழுதுவதுதான் இதன் பயன். உங்களுக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்பது தெரியாமல் எவ்வளவு தூரம் போக வேண்டும் என்று கணக்குப் போட முடியாது.

டிஎன்பிஎஸ்சி தளத்திலேயே பழைய வினாத்தாள்களும் விடைக்குறிப்புகளும் கிடைக்கின்றன. கடைசியாக நடந்த தேர்வின் தாளை அச்செடுங்கள். விடுமுறை நாளில் காலை 9.30 மணிக்கு உட்கார்ந்து 12.30 வரை எழுதுங்கள். போன் வேறு அறையில் இருக்கட்டும்.

தேர்வின் அமைப்பு தெரிந்திருக்கும், இருந்தாலும் கணக்குக்காகச் சொல்கிறேன். மொத்தம் 200 கேள்வி, 300 மதிப்பெண், மூன்று மணி நேரம். ஒரு கேள்விக்கு ஒன்றரை மதிப்பெண். முதல் பகுதி தமிழ், 100 கேள்வி. இதில் 150க்குக் குறைந்தது 60 எடுக்காவிட்டால் அடுத்த பகுதியைத் திருத்தவே மாட்டார்கள். இரண்டாம் பகுதியில் பொது அறிவு 75 கேள்வி, திறனறிவுக் கணக்குகள் 25 கேள்வி.

விடைக்குறிப்பை வைத்து மூன்று பகுதிக்கும் தனித்தனியாக எண்ணுங்கள். ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். தமிழில் 52 சரி, பொது அறிவில் 24, கணக்கில் 9. மொத்தம் 85 கேள்வி, 127.5 மதிப்பெண். அடுத்து, உங்கள் பிரிவுக்கும் நீங்கள் கேட்கும் பதவிக்கும் முந்தைய தேர்வுகளில் கட்-ஆஃப் எவ்வளவு இருந்தது என்று பார்த்து, அதைவிடச் சில கேள்விகள் கூடுதலாக இலக்கு வையுங்கள். நம் உதாரணத்தில் அது 170 கேள்வி, அதாவது 255 மதிப்பெண் என்று வைத்துக்கொள்வோம். இன்னும் 85 கேள்வி வேண்டும்.

அந்த 85ஐ எங்கிருந்து எடுப்பது என்று முடிவு செய்வதில்தான் திட்டமே இருக்கிறது. தமிழில் 52ஐ 92 ஆக்கினால் 40 கேள்வி. கணக்கில் 9ஐ 22 ஆக்கினால் 13. பொது அறிவில் 24ஐ 56 ஆக்கினால் 32. இப்படிப் பிரித்ததற்குக் காரணம் இருக்கிறது. தமிழ்ப் பகுதிக்குப் பள்ளிப் புத்தகங்கள் என்ற எல்லை பெருமளவுக்கு உண்டு, திரும்பத் திரும்பப் படித்தால் கிட்டத்தட்ட முழுமையாகப் பிடித்துவிடலாம். கணக்கு ஒருமுறை கைக்கு வந்துவிட்டால் எளிதில் மறக்காது. பொது அறிவு அப்படி இல்லை. அறிவியல், வரலாறு, புவியியல், ஆட்சியியல், பொருளாதாரம், நடப்பு நிகழ்வு என்று விரிந்துகொண்டே போகும். அதில் 75க்கு 75 எடுக்க நினைத்து மற்ற இரண்டையும் கோட்டைவிட்டவர்கள் அதிகம். 56 எடுத்தால் போதும் என்று முடிவு செய்வதற்கு ஒரு துணிச்சல் வேண்டும். அந்தத் துணிச்சல் உங்களுக்கு நேரத்தை மிச்சப்படுத்தித் தரும்.

4. உண்மையில் எத்தனை மணி நேரம் இருக்கிறது?

ஒரு வாரத்துக்கு எதையும் மாற்றாமல், எந்த நேரத்தில் என்ன செய்கிறீர்கள் என்று மட்டும் குறித்து வையுங்கள். காலை ஒன்பதரைக்குக் கடைக்குப் போய் இரவு ஒன்பதுக்குத் திரும்புபவருக்கு ஐந்து மணி நேரப் படிப்பு என்பது நடக்காத காரியம். காலையில் ஒன்றரை மணி நேரம் கிடைத்தால் பெரிது. வார விடுமுறை நாளில் ஐந்து மணி நேரம். ஆக ஆறு நாளுக்கு ஒன்பது மணி, விடுமுறைக்கு ஐந்து, மொத்தம் 14 மணி நேரம். நாற்பது வாரத்துக்கு 560 மணி நேரம்.

இதில் கால்வாசியைக் கழித்துவிடுங்கள். 420 மணி நேரம்தான் இருக்கிறது என்று வைத்துத் திட்டம் போடுங்கள். காய்ச்சல் வரும், கல்யாணம் வரும், குழந்தைக்குப் பரீட்சை வரும். துணிக்கடைக்காரர்களுக்கு ஆடித் தள்ளுபடியும் தீபாவளி மாதமும் மூச்சுவிட நேரம் தராது. விவசாயக் குடும்பத்தில் தை அறுவடை இருக்கும். இவை எதிர்பாராத தடைகள் இல்லை, வருஷா வருஷம் வருபவை. காலண்டரில் அந்த வாரங்களை முதலிலேயே வட்டமிட்டு, "இந்த வாரம் பழையதைத் திருப்புவது மட்டும்" என்று எழுதி வையுங்கள்.

மனிதர்கள் தங்கள் வேலைக்கு ஆகும் நேரத்தைக் குறைத்தே மதிப்பிடுகிறார்கள் என்பது ஆராய்ச்சியில் தெரிந்த விஷயம். ரோஜர் பியூலரும் அவருடன் சேர்ந்தவர்களும் 1994இல் வெளியிட்ட ஆய்வில், பட்ட ஆய்வேட்டை முடிக்க எத்தனை நாள் ஆகும் என்று மாணவர்களிடம் கேட்டார்கள். அவர்கள் சொன்னது சராசரியாக 34 நாள். ஆனது 55 நாளுக்கு மேல். அவர்கள் அக்கறையில்லாத மாணவர்கள் இல்லை. மனசு எப்போதும் எல்லாம் ஒழுங்காக நடக்கும் நாளையே கற்பனை செய்கிறது.

நம் 420ஐ இப்படிப் பிரிக்கலாம். தமிழுக்கு 170, பொது அறிவுக்கு 150, கணக்குக்கு 60, மாதிரித் தேர்வுக்கும் திருத்துவதற்கும் 40. உங்கள் முதல் தேர்வு மதிப்பெண் வேறு மாதிரி இருந்தால் இந்தப் பங்கீடும் மாற வேண்டும். கணக்கில் ஏற்கெனவே 20 எடுப்பவர் அதற்கு 60 மணி நேரம் கொடுக்க வேண்டியதில்லை.

5. நேரம், இடம், பாடம்: மூன்றும் முன்கூட்டியே முடிவாகட்டும்

"தினமும் படிப்பேன்" என்பது தீர்மானம். "காலையில் காபி குடித்ததும் மாடிப்படியில் உட்கார்ந்து ஏழாம் வகுப்புத் தமிழ், இரண்டாம் இயல்" என்பது திட்டம். எப்போது, எங்கே, எதைச் செய்த கையோடு என்று முன்கூட்டியே முடிவு செய்தவர்கள், பொதுவாக உறுதி எடுத்தவர்களைவிட அதிகம் செய்து முடிக்கிறார்கள் என்று பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் பல ஆண்டுகள் ஆராய்ந்து காட்டியிருக்கிறார். அந்த நேரம் வந்ததும் யோசிக்கத் தேவையில்லை என்பதே இதன் பலம். களைத்துப்போன உடம்போடு "இன்னைக்கு எதைப் படிக்கலாம்?" என்று யோசிக்க ஆரம்பித்தால் கை தானாகப் போனை எடுக்கும்.

ஏற்கெனவே தவறாமல் செய்யும் ஒரு வேலையோடு படிப்பைச் சேர்த்துக்கட்டுங்கள். குழந்தையைப் பள்ளிப் பேருந்தில் ஏற்றிவிட்டு வந்ததும் நாற்பது நிமிடம். இரவு பாத்திரம் கழுவி முடித்ததும் இருபது நிமிடம். பேருந்தில் போகும் நேரத்தில் புதிய பாடம் வேண்டாம். முன்பே எழுதி வைத்த கேள்விகளுக்கு மனதுக்குள் விடை சொல்லிப் பாருங்கள். அதற்கு உட்கார இடம்கூடத் தேவையில்லை.

வீட்டில் இடமே இல்லை என்றால் கிளை நூலகத்துக்குப் போங்கள். சென்னையில் அண்ணா நூற்றாண்டு நூலகமும் மதுரையில் கலைஞர் நூற்றாண்டு நூலகமும் போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களால் நிறைந்திருக்கின்றன. சின்ன ஊர்களிலும் நூலகத்தில் ஒரு மேசை கிடைக்கும். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்களில் தன்னார்வ பயிலும் வட்டம் என்ற பெயரில் இலவச வகுப்புகள் நடக்கின்றன. ஆயிரக்கணக்கில் பணம் கட்டி கோச்சிங் சென்டரில் சேரும் முன் அங்கே ஒருமுறை விசாரியுங்கள்.

இந்த வழக்கம் எத்தனை நாளில் படியும் என்று கேட்பார்கள். 21 நாள் என்று எங்கும் சொல்கிறார்கள். லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலியும் குழுவினரும் செய்த ஆய்வில், ஒரு புதிய பழக்கம் தானாக நடக்கும் அளவுக்கு வருவதற்குச் சராசரியாக 66 நாள் ஆனது. ஆளுக்கும் பழக்கத்துக்கும் ஏற்ப அது 18 நாளிலிருந்து 254 நாள் வரை மாறியது. ஆகவே மூன்று வாரம் கழித்தும் காலையில் எழுவது கஷ்டமாக இருந்தால் உங்களிடம் ஏதோ கோளாறு என்று நினைக்காதீர்கள். இடையில் ஒரு நாள் விட்டுப்போனதால் பழக்கம் கெட்டுவிடவில்லை என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது.

6. புத்தகத்தை மூடிவைத்துப் படியுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் கடைப்பிடிக்க முடியும் என்றால் இதைக் கடைப்பிடியுங்கள்.

பெரும்பாலானவர்கள் படிக்கும் முறை இதுதான்: வரிகளை மஞ்சள் மையால் அடிக்கோடிடுவது, பிறகு அதையே நாலு தடவை வாசிப்பது. நாலாவது தடவை எல்லாம் பழகிய முகமாகத் தெரியும். தெரிந்துவிட்டது என்று மனசு நம்பும். தேர்வறையில் நான்கு விடைகளும் பழகிய முகமாகத் தெரியும்போதுதான் உண்மை புரியும்.

ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்ப்பிக்கும் 2006இல் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு பிரிவினர் பாடத்தைத் திரும்ப வாசித்தார்கள். இன்னொரு பிரிவினர் பாடத்தைப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்ப வாசித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது நிலைமை தலைகீழாகிவிட்டது, நினைவிலிருந்து எழுதியவர்களுக்கே அதிகம் ஞாபகம் இருந்தது. குரூப் 4 படிப்பவருக்கு வேண்டியது ஐந்து நிமிட ஞாபகம் அல்ல, பல மாதம் நிற்கும் ஞாபகம்.

செய்யும் விதம் எளிது. ஒரு பாடத்தை ஒருமுறை நிதானமாக வாசியுங்கள். சமச்சீர் புத்தகத்தில் ஓரத்தில் கட்டம் கட்டிப் போட்டிருக்கும் செய்திகளையும் விடாதீர்கள், அவற்றிலிருந்தும் கேள்விகள் வரும். பிறகு நோட்டில் பக்கத்தை நெடுக்காக மடித்து, இடப்பக்கம் கேள்வி, வலப்பக்கம் விடை என்று எழுதுங்கள். தேசிய இயக்கப் பாடம் என்றால்: வேதாரண்யம் உப்பு சத்தியாகிரகம் எந்த ஆண்டு? 1930. தலைமை? ராஜாஜி. புறப்பட்ட ஊர்? திருச்சி. தமிழ் இலக்கணம் என்றால்: "ஊரே சிரித்தது" எந்த ஆகுபெயர்? இடவாகுபெயர். கேள்வி தயாரிக்கும்போதே பாடத்தில் எது முக்கியம் என்று தேர்வாளர் பார்க்கும் பார்வை உங்களுக்கு வந்துவிடும். மற்றவர் எழுதிய குறிப்பை வாங்கிப் படிப்பதில் இந்தப் பயன் கிடைக்காது.

மடித்த பக்கத்தை அடுத்த நாள் ஒருமுறை, ஒரு வாரம் கழித்து ஒருமுறை, ஒரு மாதம் கழித்து ஒருமுறை கேட்டுப் பாருங்கள். சரியாகச் சொன்னதற்கு ஒரு புள்ளி, தவறியதற்கு ஒரு கோடு. அடுத்த முறை கோடு போட்டவற்றை மட்டும் கேட்டால் போதும். நாற்பது வாரத்தில் இந்த நோட்டுகள்தான் உங்கள் உண்மையான புத்தகமாக மாறியிருக்கும்.

கணக்குக்கு வேறு வழி. சூத்திரத்தைப் படித்து வைப்பதால் பயனில்லை, கையால் போட வேண்டும். தினமும் ஐந்து கணக்கு போதும், ஆனால் தினமும். ஒரு வகையை எடுத்தால் அது ஏன் அப்படி வருகிறது என்று புரிந்துகொண்டு நகருங்கள். இரண்டு ஆண்டுக்குக் கூட்டு வட்டிக்கும் தனி வட்டிக்கும் உள்ள வித்தியாசம் அடிக்கடி கேட்கப்படும் ஒரு வகை. முதலாண்டு வட்டியின் மேல் இரண்டாம் ஆண்டில் கிடைக்கும் வட்டிதான் அந்த வித்தியாசம். 5,000 ரூபாய்க்கு 8 சதவீதம் என்றால் முதலாண்டு வட்டி 400. அந்த 400க்கு 8 சதவீதம் 32 ரூபாய். விடை வந்துவிட்டது. இப்படிப் புரிந்துகொண்டவருக்குச் சூத்திரம் மறந்தாலும் கவலையில்லை, அரை நிமிடத்தில் முடித்துவிடுவார்.

தவறுகளுக்குத் தனி நோட்டு வையுங்கள். ஒவ்வொரு தவறுக்கும் பக்கத்தில் காரணத்தை எழுதுங்கள்: தெரியாதது, மறந்தது, அவசரத்தில் விட்டது. மூன்றுக்கும் மருந்து வேறு. தெரியாததற்குப் பாடத்தை வாசிக்க வேண்டும். மறந்ததற்குத் திருப்புதல் வேண்டும். "பொருந்தாததைக் கண்டறி" என்று கேட்டிருக்க, பொருந்துவதைக் குறித்துவிட்டு வந்தால் அதற்குப் படிப்பு மருந்தில்லை, கேள்வியின் ஒவ்வொரு சொல்லையும் விரலால் தொட்டுப் படிக்கும் பழக்கம்தான் மருந்து. எல்லாத் தவறுக்கும் "இன்னும் நிறைய படிக்கணும்" என்று ஒரே மருந்தைக் கொடுப்பதால்தான் பலருக்கு மதிப்பெண் ஓரிடத்திலேயே நிற்கிறது.

டெலிகிராமில் பிடிஎஃப் சேர்ப்பது பற்றி ஒரு வார்த்தை. சேர்ப்பது படிப்பு இல்லை. பள்ளிப் புத்தகங்கள், நடப்பு நிகழ்வுகளுக்கு ஏதாவது ஒரு மாத இதழ், பழைய வினாத்தாள்கள். இவை போதும். ஆனால் பாடத்திட்டம் மாறியிருக்கிறதா என்று மட்டும் டிஎன்பிஎஸ்சி தளத்தில் நீங்களே நேரடியாகப் பாருங்கள், யூடியூபில் யாரோ சொன்னதை நம்ப வேண்டாம்.

7. வாரம் அரைமணி நேரம் கணக்குப் பாருங்கள்

விடுமுறை நாளில் படிக்க உட்காரும் முன் அரைமணி நேரம். போன வாரம் எத்தனை மணி நேரம் திட்டமிட்டேன், எத்தனை நடந்தது? எந்த நாள் தவறியது, ஏன்? வரும் வாரத்தில் ஏதாவது விசேஷம் இருக்கிறதா? இதை எழுதி, அடுத்த வாரப் பாடங்களை நாள்வாரியாகக் குறித்துவிட்டு எழுந்திருங்கள்.

தொடர்ந்து மூன்று வாரம் பாதிதான் நடக்கிறது என்றால் உங்களைத் திட்டிக்கொள்ளாதீர்கள், திட்டத்தைக் குறையுங்கள். ஒன்பது மணி நேரம் திட்டமிட்டு ஒன்பதும் நடப்பது, பதினான்கு திட்டமிட்டு ஏழு நடப்பதைவிட மேல். மணி நேரம் கூடுதல் என்பது மட்டும் காரணம் இல்லை. சொன்னதைச் செய்கிறோம் என்ற நம்பிக்கை மனதில் ஏறும்.

மாதம் ஒருமுறை முழு மாதிரித் தேர்வு. மூன்று பகுதி மதிப்பெண்ணையும் தேதியோடு ஒரே பக்கத்தில் எழுதி வாருங்கள். ஒரு பகுதி இரண்டு மாதமாக ஏறவே இல்லை என்றால் அதற்கு மணி நேரத்தைக் கூட்டுவது கடைசி வழியாக இருக்கட்டும். முதலில் படிக்கும் முறையை மாற்றிப் பாருங்கள்.

8. விட்டுப்போனால் திரும்புவது எப்படி

விட்டுப்போகும். அப்பாவுக்கு ஆஸ்பத்திரி, குழந்தைக்கு அம்மை, கடையில் ஸ்டாக் எடுப்பு என்று பத்து நாள் புத்தகத்தைத் தொட முடியாமல் போகும். திட்டங்கள் அந்தப் பத்து நாளில் சாவதில்லை. பதினோராவது நாள் "விட்டதையெல்லாம் சேர்த்துப் பிடிக்கணும்" என்று உட்காரும்போதுதான் சாகின்றன. மூன்று மணி நேரத்தில் பத்து நாள் பாடத்தை முடிக்கப் பார்ப்போம், முடியாது, மலைத்துப்போய் எழுந்துவிடுவோம். மறுநாள் உட்காரவே தோன்றாது.

ஆகவே பாக்கி என்ற கணக்கே வேண்டாம். திரும்பும் நாளில் இருபது நிமிடம் மட்டும், அதுவும் பழைய கேள்வி நோட்டில் தெரிந்த பக்கங்களைப் புரட்டுங்கள். விடைகள் வருவதைப் பார்த்ததும் எல்லாம் போய்விடவில்லை என்று மனசு தெளியும். இரண்டாம் நாள் நாற்பது நிமிடம். மூன்றாம் நாள் வழக்கமான நேரம், விட்ட இடத்திலிருந்து. கழிக்கப்பட்ட அந்தக் கால்வாசி நேரம் இதற்காகத்தானே ஒதுக்கியது. பத்து நாள் அதிலிருந்து போகட்டும்.

9. வீட்டில் பேசிவிடுங்கள்

இதை யாரும் திட்டத்தில் சேர்ப்பதில்லை. "நான் படிக்கணும், தொந்தரவு பண்ணாதீங்க" என்று பொதுவாகச் சொன்னால் வீட்டில் யாருக்கும் என்ன செய்வது என்று தெரியாது. "ராத்திரி ஒன்பதரையிலிருந்து பத்தேகால் வரைக்கும் பாப்பாவை நீங்க பார்த்துக்கணும், ஜூலை வரைக்கும்" என்று கணவரிடம் கேட்டால் அதற்கு ஒரு பதில் வரும். மாமியாரிடம் கேட்பதானாலும் இதே மாதிரிதான், நேரமும் முடிவுத் தேதியும் சொல்லிக் கேளுங்கள். எப்போது முடியும் என்று தெரிந்தால் பொறுத்துக்கொள்வது எளிது. பெண்கள் இதைக் கேட்கவே சங்கடப்படுகிறார்கள். சங்கடப்பட வேண்டியதில்லை, வேலை கிடைத்தால் சம்பளம் வரப்போவது அந்த வீட்டுக்குத்தான்.

உறவுக்காரர்கள் எல்லோருக்கும் சொல்ல வேண்டியதில்லை. "என்னம்மா, இன்னும் பாஸ் ஆகலையா?" என்று விசேஷ வீட்டில் கேட்பவர்களுக்குப் பதில் சொல்வதிலேயே பாதித் தெம்பு போய்விடும். வாரம் ஒருமுறை கணக்குக் காட்ட ஒரே ஒரு ஆள் போதும், கூடவே படிக்கும் தோழியாக இருந்தால் இன்னும் நல்லது. ஞாயிறு இரவு இருவரும் அந்த வாரத்து மணி நேரத்தை ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்ளுங்கள். கேலியும் வேண்டாம், அறிவுரையும் வேண்டாம், எண்ணிக்கை மட்டும்.

10. கடைசி எட்டு வாரம்

தேர்வுத் தேதி தெரிந்ததும் புதிய பாடங்களைக் குறைத்துக்கொண்டு வாருங்கள். கடைசி நான்கு வாரத்தில் புதிதாக எதையும் தொட வேண்டாம். கேள்வி நோட்டு, தவறு நோட்டு, நடப்பு நிகழ்வு, வாரம் ஒரு மாதிரித் தேர்வு. அதையும் காலை 9.30 மணிக்கே எழுதுங்கள். இரவு மட்டும் படித்துப் பழகிய மூளை காலையில் சுறுசுறுப்பாக இருக்கப் பழகிக்கொள்ள வேண்டும்.

200 கேள்விக்கு 180 நிமிடம் என்றால் ஒரு கேள்விக்கு 54 விநாடிதான், வட்டத்தைக் கருப்பு மையால் நிரப்பும் நேரமும் அதற்குள் அடக்கம். ஆகவே வீட்டில் எழுதும்போதும் ஓஎம்ஆர் தாளின் (விடைக்கான வட்டங்கள் அச்சிட்ட தாள்) மாதிரியை அச்செடுத்து நிரப்பிப் பழகுங்கள். முதல் சுற்றில் பார்த்ததும் தெரிபவை, இரண்டாம் சுற்றில் யோசிக்க வேண்டியவை. கணக்கை முதலில் போடுவதா கடைசியிலா என்பது ஆளுக்கு ஆள் மாறும், இரண்டு மாதிரித் தேர்வில் இரண்டு விதமாகவும் செய்து பார்த்து முடிவெடுங்கள். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு இல்லை, அதனால் இரண்டு விடைகளை நீக்க முடிந்தால் மீதியில் ஒன்றைக் குறிக்கலாம். எந்தக் கேள்வியையும் வெறுமையாக விடக்கூடாது. "விடை தெரியவில்லை" என்பதற்கும் ஐந்தாவதாக ஒரு வட்டம் இருக்கிறது. ஹால் டிக்கெட்டில் உள்ள அறிவுரைகளை முன்தினமே முழுக்கப் படித்துவிடுங்கள், அவை தேர்வுக்குத் தேர்வு மாறலாம்.

11. தேர்வு முடிந்ததும்

இரண்டு நாள் நன்றாகத் தூங்குங்கள். உத்தேச விடைக்குறிப்பு வந்ததும் உட்கார்ந்து எண்ணுங்கள், ஆனால் மொத்தத்தை மட்டும் எண்ணாதீர்கள். மூன்று பகுதியாகப் பிரித்து, படிக்கத் தொடங்கும் முன் எழுதிய அந்த முதல் தாளின் மதிப்பெண்ணுக்குப் பக்கத்தில் எழுதுங்கள். விடைக்குறிப்பில் ஏதாவது தவறு என்று பட்டால், பாடப்புத்தக ஆதாரத்தோடு கெடுவுக்குள் ஆட்சேபம் தெரிவிக்க வழி இருக்கிறது.

முடிவு வர மாதங்கள் ஆகும். அதுவரை "இத்தனை மார்க்குக்குக் கிடைக்குமா?" என்று குழுக்களில் கேட்டுக்கொண்டு காலம் கழிக்க வேண்டாம். இதே படிப்பு குரூப் 2 முதல்நிலைத் தேர்வுக்கும், ஓரளவுக்குக் காவலர் போன்ற சீருடைப் பணியாளர் தேர்வுக்கும் உதவும். அவற்றின் பாடத்திட்டத்தை எடுத்து, இதுவரை படித்ததில் எவ்வளவு பொருந்துகிறது என்று பாருங்கள். பிறகு நோட்டின் முதல் பக்கத்தைத் திறந்து, நீங்கள் எழுதி வைத்த வரம்பைப் படியுங்கள். அதில் இன்னும் ஒரு முறை மிச்சம் இருந்தால், தவறு நோட்டில் எந்தக் காரணம் அதிகமாக இருக்கிறதோ அதிலிருந்து அடுத்த திட்டத்தைத் தொடங்குங்கள். மிச்சம் இல்லை என்றால், தினமும் ஒதுக்கிப் பழகிய அந்த ஒன்றரை மணி நேரத்தை டைப்ரைட்டிங்குக்கோ, கணக்குப் பதிவியலுக்கோ, இப்போது பார்க்கும் வேலையில் அடுத்த படிக்குத் தேவையான ஏதாவது ஒரு படிப்புக்கோ அந்த வாரத்திலேயே மாற்றிக் கொடுத்துவிடுங்கள்.